ஆட்டவிதியும் தலைவிதியும்



வாத்தியார் நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு நாங்கள் ஒரு சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் இங்கிலீஷ் சினிமா. வாத்தியார் இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். சினிமாவோ சடுகுடுவோ, நம் பிள்ளைகள் எதைக் கண் விரித்துப் பார்க்கிறார்களோ அதிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று சொன்னவர் அவர். சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கு சொல்லித்தந்த அதே பிள்ளைகளை இருட்டும்வரை கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்தி விசில் ஊதியவர்.

நேற்றிரவு திரை கட்டி 'ரோலர்பால்' என்ற படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். படம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காக்காரன் சக்கரச் செருப்பு கட்டிக்கிட்டு அடிச்சிக்கிறதுக்கும் நம்ம உடையார்பாளையத்துக்கும் என்ன சம்பந்தம்?" இன்றைய பேச்சு முழுவதையும் அந்தத் தம்பிக்கு நாங்கள் சொல்லும் பதில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறோம். நார்மன் ஜூவிசன் இயக்கிய படம். வில்லியம் ஹாரிசன் தான் எழுதிய ஒரு சிறுகதையை விரித்துத் தானே திரைக்கதையும் எழுதினார். 1975 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதே ஜூன் மாதம் 25ஆம் தேதி இரவுதான் இங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

கதை நடப்பது 2018இல். அதாவது, எடுத்தவர்களுக்கு அது 43 ஆண்டு தள்ளியிருந்த எதிர்காலம். அந்த உலகத்தில் நாடுகள் இல்லை. கட்சிகள் இல்லை. எரிசக்தி, உணவு, வீடு, போக்குவரத்து, தகவல் தொடர்பு, ஆடம்பரப் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய கம்பெனி. அந்தக் கம்பெனிகள்தான் உலகை ஆளுகின்றன. பசி இல்லை, சண்டை இல்லை என்கிறார்கள். பதிலுக்கு ஜனங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முடிவெடுப்பவர்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

அந்த ஜனங்களுக்குக் கம்பெனிகள் கொடுத்திருக்கும் விளையாட்டுதான் ரோலர்பால். வட்டமான சரிந்த ஓடுதளம். சக்கரக் காலணி கட்டியவர்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுமாக இரண்டு அணி. பீரங்கியிலிருந்து வெளியே பாயும் இரும்புப் பந்தைப் பிடித்து எதிரணியின் காந்தக் குழியில் போட வேண்டும். போகிற வழியில் உடைப்பதும் நசுக்குவதும் ஆட்டத்தின் பகுதி. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று கேட்பது கம்பெனி கீதம்.

ஹூஸ்டன் நகரத்து அணி எரிசக்திக் கம்பெனிக்குச் சொந்தமானது. அதன் நாயகன் ஜொனதன். ஜேம்ஸ் கான் நடித்திருக்கிறார். பத்து ஆண்டுகளாக ஆடுகிறான், பத்து ஆண்டுகளாக உயிரோடிருக்கிறான். அதுதான் சிக்கல். உலகம் முழுவதும் கம்பெனியின் பெயரைவிட அவன் பெயர் பெரிதாகிவிட்டது. கம்பெனித் தலைவர் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்கிறார்: ஓய்வு பெற்றுவிடு. ஏன் என்று அவன் கேட்கிறான். பதில் இல்லை. பதில் கிடைக்கும்வரை ஆடுவேன் என்கிறான்.

பதில் நமக்குத் தெரியவருகிறது. தனி மனிதனின் முயற்சியால் எதுவும் ஆகாது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காகவே உண்டாக்கப்பட்ட விளையாட்டு அது. ஆடுகிறவன் அடிபட்டுப் போக வேண்டும், இன்னொருவன் வர வேண்டும், அவனும் போக வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, நாம் தலையெடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற பாடம் மனத்தில் இறங்கிவிடும். இந்த ஒருவன் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கிறான். பாடமே கெட்டுவிடுகிறது.

அப்போது கம்பெனி என்ன செய்கிறது? நடுராத்திரியில் ஆள் வைத்து அவனைக் கொல்லவில்லை. விதியை மாற்றுகிறது. டோக்கியோவுடன் நடக்கும் அரையிறுதியில் தவறுக்குத் தண்டனை கிடையாது, மாற்று ஆட்டக்காரர்களுக்கும் கட்டுப்பாடு. நியூயார்க்குடன் நடக்கும் கடைசி ஆட்டத்தில் தண்டனை இல்லை, மாற்று ஆள் இல்லை, நேர வரம்பும் இல்லை. அதாவது, ஒருவர்கூட மிஞ்சக் கூடாது.

தோழர்களே, தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆட்டத்தின் ஒழுங்கும் விதிதான். தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதிதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் சாதியின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. மனிதன் எழுதிய விதியைத் தலைவிதி என்று நம்பவைத்துவிட்டால் அதை மாற்றலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. ரோலர்பால் படம் நமக்குக் காட்டும் உண்மை, விதியை எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதுதான். நாம் ஜெயிக்கத் தொடங்கும்போதுதான் அவன் வெளியே தெரிகிறான்.

நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இங்கிருக்கும் பெரியவர்களில் பலருக்குத் தெரியும். பொங்கலை ஒட்டி நடந்த கபடிப் போட்டி. நோட்டீசில் 'அனைத்து அணிகளும் வருக' என்று போட்டிருந்தது. நுழைவுக் கட்டணத்துக்காக முந்திரிக்கொட்டை பொறுக்கிய கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். வாத்தியார் மீதியைப் போட்டார். பனியனில் எண் எழுதியது வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டால். முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவது ஜெயித்தோம். அரையிறுதிக்கு எங்கள் பெயரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது: ஒரு கிராமத்துக்கு ஓர் அணிதான்.

எங்கள் கிராமத்தின் ஊர்த்தெரு அணி காலையிலேயே தோற்று வீட்டுக்குப் போயிருந்தது. ஆனாலும் கிராமத்தின் பெயர் அவர்களுடையது. காலனி தனிக் கிராமமா என்று கேட்டார்கள். ஆகவே எங்கள் கிராமம் தோற்றுவிட்டதாம். நாங்கள் ஜெயித்த இரண்டு ஆட்டமும் ஆடாத ஆட்டம் ஆகிவிட்டன. வாழ்நாள் முழுவதும் ஊரில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தவர்கள், அந்த ஒரு நாள், எங்களை வெளியேற்றுவதற்காக எங்களை ஊரில் சேர்த்துக்கொண்டார்கள்.

பையன்கள் கொதித்தார்கள். வாத்தியார் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதி, ஆடிய அணிகள், புள்ளிகள், அறிவிப்பு வந்த நேரம், அறிவித்த வாசகம், அறிவித்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் எழுந்தார்.

அடுத்த ஆண்டு பணம் கட்டுவதற்கு முன்பு விதிகளை எழுத்தில் கேட்டார். கேட்டதும் அவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியாட்டம்வரை போய் இரண்டு புள்ளியில் தோற்றோம். அழுதுகொண்டு வந்தவர்களுக்கு வாத்தியார் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்குத்தான்டா நீங்க முதல்முதலாத் தோத்திருக்கீங்க. போன வருஷம் உங்களைத் தோக்கடிச்சாங்க." தோற்பதற்குக்கூட நமக்கு உரிமை வேண்டும் என்பதை நாங்கள் படித்தது அந்தப் பரோட்டாக் கடையில்தான்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் யார் தெரியுமா? பல்வங்கர் பாலூ. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானத்தைப் பராமரித்தவர். வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே தேர்ந்தவர். இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஜெயிக்க வேண்டுமே. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவரும் அவர் தம்பிகளும் போராடிய பிறகு, 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. நம்முடைய கை வேண்டும், தோள் வேண்டும், சுழலும் விரல் வேண்டும். தலை மட்டும் வேண்டாம். அதுதான் எழுதப்படாத விதி.

அது நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்பீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஓர் இந்தியப் பெண் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல்முறை. சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்று ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால் தோற்றதாம். மூன்று கோல் போட்டபோது அவர் இந்தியாவின் மகள். தோற்றபோது சேரியின் மகள்.

தோற்றால் இப்படி. ஜெயித்தால்? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் போன நம் பையனை வழிமறித்து இறக்கி, கை விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் எதிரணி தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் அப்பா சொன்னார். விரல்களை, தோழர்களே. கபடியில் எதிரியைத் தொடும் விரல்களை. பரீட்சையில் பேனா பிடிக்கும் விரல்களை. ரோலர்பால் படத்தில் எதிரணியினர் கையுறையில் இரும்பு முள் மாட்டியிருப்பார்கள். நேற்று அந்தக் காட்சியில் மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அது செட். இது பேருந்து நிறுத்தம்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். படம் கற்பனை செய்த 2018 வந்து போய்விட்டது. அதற்கு முந்தின ஆண்டும் பிந்தின ஆண்டும் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2017. செந்துறை தாலுகா, குழுமூர். நம் அனிதா. மூட்டை தூக்கிய தந்தையின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. அவள் படிக்கத் தொடங்கியபோது இருந்த விதி என்ன? தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம். பத்து ஆண்டுகளாக இருந்த விதி. அந்த விதிப்படி ஆடி, அந்த விதிப்படி ஜெயித்தாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் விதி மாறியது. நீட்டில் 720க்கு 86 எடுத்தவள், ஆகவே நீ தோற்றவள் என்றார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனாள். ஜொனதன் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள்: ஏன்? செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம்.

நீட்டை விளையாட்டோடு ஒப்பிடலாமா என்று யாராவது கேட்டால், ஒப்பிட்டே தீர வேண்டும் என்போம். நான்கு விடையில் ஒன்று, தப்புக்கு மதிப்பெண் கழிவு, கடிகாரம், தரவரிசை. பயிற்சிக்குப் பணம் கட்டியவன் சக்கரத்தில் வருகிறான், கட்டாதவன் வெறுங்காலில் ஓடுகிறான். வெளியே பெரிய திரையில் முதலிடம் வந்தவரின் படம். பார்த்துக்கொண்டிருக்கிற ஆயிரம் பிள்ளைகளின் மனத்தில் இறங்கும் பாடம் என்ன? நீ உழைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பெனித் தலைவர் விரும்பிய பாடம் அதுவேதான்.

2019. ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். பொன்பரப்பி. நம் வீடுகளின் ஓடுகளையும் வண்டிகளையும் அடித்து நொறுக்கினார்கள். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள், உங்களுக்கு நாங்கள் விவரம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலும் ஓர் ஆட்டம்தான், விதி எழுதப்பட்ட ஆட்டம். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, ஓர் ஓட்டுக்கு ஒரே மதிப்பு. இந்த நாட்டில் சேரிக்கும் ஊருக்கும் ஒரே கோடு போட்ட முதல் விதி அதுதான். அண்ணல் எழுதிக்கொடுத்த விதி. அதனால்தான் அந்த நாளில் அவ்வளவு கோபம். சிதம்பரம் தொகுதியில் அண்ணன் திருமாவளவன் 3,219 ஓட்டில் ஜெயித்தார். அந்த ஒவ்வோர் ஓட்டும் என்ன விலை என்று பொன்பரப்பிக்குத் தெரியும்.

இப்போது படத்தின் இன்னொரு காட்சிக்குப் போவோம். எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. முடிவுகளை எடுப்பது யார், எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஜொனதன் புத்தகம் தேடிப் போகிறான். எந்தப் புத்தகமும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சுருக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். ஜெனீவாவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரைத் தேடிப் போகிறான். அங்கிருக்கும் கிழவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: 13ஆம் நூற்றாண்டு முழுவதும் தொலைந்துபோய்விட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று இந்தக் காட்சியில் நீங்கள் சிரித்தீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

ஏனென்றால் 13ஆம் நூற்றாண்டு நம் பக்கத்தில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரமாக இருந்து ஓய்ந்த நூற்றாண்டு அது. 1279ஓடு சோழர் ஆட்சி முடிகிறது. நின்ற மதிலின் கல்லையும் வெள்ளைக்காரன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துப்போனார்கள். ஆனாலும் ராஜாவின் சரித்திரம் தொலையவில்லை, பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் சரித்திரம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நாம் நிலக் கணக்கில் வருகிறோம். பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வருகிறோம். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன ஆடினார்கள், யாரை ஜெயித்தார்கள், எப்போது எதிர்த்தார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை. நமக்கு ஒரு நூற்றாண்டு மட்டுமா தொலைந்தது?

கம்பெனி ஆட்சி என்பதும் நமக்குப் புதிதல்ல. படத்தில் ஹூஸ்டன் எரிசக்தி நகரம். இங்கே நம் மாவட்டத்துச் சுண்ணாம்புக் கல் சிமெண்டாகி ஊர் ஊராகப் போகிறது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் என்று 1990களில் நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டுக்காக ஜனங்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கரியும் எடுக்கவில்லை, கரண்டும் வரவில்லை, கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. பட்டா இருந்தவருக்காவது வழக்குப் போட ஒரு காகிதம் இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு என்ன இருந்தது? முடிவெடுத்தது யார் என்று கேட்டால், ஜெனீவாக் கம்ப்யூட்டர் சொன்ன பதில்தான்.

சரி, படத்தைப் புகழ்ந்துகொண்டே போகிறோமே, அதில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. கடைசி ஆட்டத்தில் எல்லோரும் விழுந்த பிறகு ஜொனதன் மிஞ்சுகிறான். விழுந்து கிடக்கும் எதிரியைக் கொல்லக் கையை ஓங்கி, கொல்லாமல் விடுகிறான். பந்தைக் கொண்டுபோய்க் குழியில் போடுகிறான். ஒன்றுக்குச் சுழியம். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அத்தோடு படம் முடிகிறது. மறுநாள் என்ன? கம்பெனி அப்படியே இருக்கிறது. கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போகும். நாயகனைப் பார்த்துக் கத்துவதற்கு மட்டும் பழகிய கூட்டத்துக்கு வேறு என்ன தெரியும்?

பாலூவின் கதையிலும் இந்தக் கசப்பு இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் யார்? நம் பாலூதான். அண்ணல் ஜெயித்தார். பாலூவின் மேல் நமக்குக் கோபமில்லை, அந்த விரல்களுக்கு என்றும் வணக்கம். ஆனால் நாயகனை மட்டும் வளர்த்தால், அவனை நமக்கு எதிராகவே ஆடவைக்க அணியின் முதலாளிக்குத் தெரியும். இயக்கத்தை வளர்த்தால் அது முடியாது.

இங்கேதான் நெருக்கடி நிலைக்குத் திரும்ப வேண்டும். ரோலர்பால் வெளிவந்த அதே காலத்தில் நடப்பதாக பா. ரஞ்சித் ஒரு படம் எடுத்திருக்கிறார். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'. உங்களில் பாதிப்பேருக்கு மனப்பாடம். வடசென்னைக் குத்துச்சண்டை. ஆர்யா நடித்த கபிலன் துறைமுகத் தொழிலாளி. அவன் ஜெயிக்கப்போகிற நொடியில் என்ன நடக்கிறது? ஆட்சி கலைக்கப்படுகிறது, ரங்கன் வாத்தியார் கைதாகிறார், மேடையில் ஏறி அடித்துக் கபிலனின் உடையை அவிழ்க்கிறார்கள். செய்கிறவர்கள் எதிர்ப் பரம்பரை மட்டுமல்ல, சொந்தப் பரம்பரைக்குள் இருந்துகொண்டு அவன் ஜெயிப்பதைப் பொறுக்காதவர்களும்தான். சர்க்கார் விதியும் சாதி விதியும் ஒரே மேடையில் சந்திக்கும் காட்சி அது. ஜூவிசன் எதிர்காலத்தில் தேடியதை ரஞ்சித் கடந்த காலத்திலேயே கண்டெடுத்தார். நமக்கு அந்த எதிர்காலம் எப்போதோ வந்துவிட்டது என்பதுதான் காரணம்.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஜொனதனுக்கு மனைவி இல்லை. இருந்தவளைக் கம்பெனி அதிகாரி ஒருவருக்காகப் பறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிற பெண்களெல்லாம் கம்பெனி அனுப்புகிறவர்கள். கபிலனுக்கு மாரியம்மா இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், பயிற்சி தரும் கிழவர் இருக்கிறார், சொல்லித்தர ஒரு வாத்தியார் இருக்கிறார், ஒரு தெருவே இருக்கிறது. விழுந்தவனை எழுப்பியது அந்தத் தெரு.

மாரியம்மாவைச் சொன்னதும் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாத்தியார் விசில் ஊதிய காலத்தில் நம் பெண்பிள்ளைகள் எங்கே நின்றார்கள்? கோட்டுக்கு வெளியே. எங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு. அந்த விதியை எழுதியது ஊர்த்தெரு அல்ல. நாங்கள்தான். கடைசிக் காலத்தில் வாத்தியாரே அதைச் சொல்லி வருத்தப்பட்டார். இப்போது நம் தெருவில் பெண்கள் அணி பயிற்சி எடுக்கிறது. அவர்களை இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ என்று விரட்டுகிற ஒவ்வொருவரும் அந்தக் கம்பெனித் தலைவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

படத்துக்குப் பின்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வன்முறையை வெறுக்க வேண்டும் என்று ஜூவிசன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அந்த விளையாட்டையே நிஜமாக நடத்தலாம், உரிமை கொடுங்கள் என்று சிலர் அவரிடம் வந்தார்களாம். அவர் அதிர்ந்துபோனார். பார்க்கிற கண் மாறாவிட்டால் எந்தப் படமும் இப்படித்தான் ஆகும். விரல் வெட்டப்பட்ட செய்தியும் செல்போனில் இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு அடுத்த வீடியோவுக்கு வழிவிடும். நாம் பார்வையாளர்களாக இருக்கும்வரை ஆட்டம் அவர்களுடையது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நாங்கள் பெரிய திட்டம் ஒன்றும் கொண்டு வரவில்லை. வாத்தியார் செய்த மூன்று காரியங்களைத் திரும்பச் சொல்கிறோம்.

விதியை எழுத்தில் கேளுங்கள். கபடிப் போட்டியாக இருந்தாலும் கல்லூரிச் சேர்க்கையாக இருந்தாலும் கல்வி உதவித்தொகையாக இருந்தாலும், வாயால் சொன்ன விதி நமக்கு எதிரான விதி. எழுதிய விதியை மாற்றவும் முடியும். நீட் வந்த பிறகு தமிழ்நாட்டு ஜனங்கள் ஓயாமல் கேட்டதால்தான் 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு சட்டமானது. போதாதுதான். ஆனாலும் தலைவிதி என்றார்களே, அதில் ஒரு வரியைத் திருத்தியிருக்கிறோம்.

மைதானத்தை விடாதீர்கள். நம் தெருவுக்கென்று ஒரு புறம்போக்கு இருந்தால் அதில் கோடு போட்டு ஆடிக்கொண்டே இருங்கள். ஆடாத மைதானம் ஆறு மாதத்தில் யாருடைய களமாகவோ கொட்டகையாகவோ ஆகிவிடும். கபடி மண்ணிலிருந்து மெத்தை விரிப்புக்கு மாறிவிட்டது, வெறுங்காலில் பழகிய பிள்ளை அங்கே வழுக்குகிறது. விரிப்பும் காலணியும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று பஞ்சாயத்திலும் பள்ளியிலும் மனு கொடுங்கள். அது சலுகையல்ல, ஆட்டத்தின் முதல் நிபந்தனை.

மூன்றாவது, எழுதுங்கள். வாத்தியார் இறந்த பிறகு அவர் பெட்டியைத் திறந்தோம். பதினொரு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, எண்பது பக்க நோட்டு. எங்கள் ஒவ்வோர் ஆட்டமும் அதில் இருக்கிறது. யார் எத்தனை புள்ளி, யாருக்கு முழங்கால் பெயர்ந்தது, எந்த ஊரில் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த ஊரில் ஒரு கிழவி எங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கூழ் ஊற்றினாள், எல்லாம் இருக்கிறது. ஒரு இலக்கிய அமைப்பு ஏன் கபடியைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்பவர்களுக்கு அந்த நோட்டுகளைக் காட்டுவோம். எங்களைப் பொறுத்தவரை தலித் இலக்கியம் இந்த ஊரில் தொடங்கியது அந்த நோட்டில்தான்.

நேற்று கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். பதினொன்றில் இரண்டு நோட்டைக் கரையான் அரித்திருக்கிறது. அதில் ஆடியவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், இதோ முன்வரிசையிலேயே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு அரிந்துபோன பக்கங்களைத் திரும்ப எழுத வேண்டும். பன்னிரண்டாவது நோட்டை நாங்கள் வாங்கி வந்திருக்கிறோம். பெண்கள் அணியின் அடுத்த ஆட்டத்திலிருந்து அது தொடங்கட்டும். யார் எழுதுவது என்பதை அந்த அணியே முடிவு செய்யட்டும்.